வட்டம் என்றால் எந்த வட்டம்

2025 மார்ச் 4, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்பே எழுந்து தண்ணீர் பிடித்தேன். எங்கள் தெருக் குழாயில் செவ்வாயும் வெள்ளியும்தான் தண்ணீர் வரும் என்பதால் அந்த இரண்டு நாட்களில் மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான். காலைக்கு இட்லி, தக்காளிச் சட்னி. மதியத்துக்கு எலுமிச்சம்பழச் சாதம், உருளைக்கிழங்குப் பொரியல். வீட்டுக்காரர் வயலுக்குக் கிளம்பும்போது மோட்டார் ரூம் சாவியைக் காணோம் என்று தேடினார். அது தொங்க வேண்டிய ஆணியில்தான் தொங்கியது. செக்கானூரணியில் டவுன் பஸ் ஏறி, பெரியார் நிலையத்தில் வேறு பஸ் மாறி, சிம்மக்கல்லில் இறங்கினேன். வழியில் டீ குடிக்கவில்லை.

அன்றைய நாட்குறிப்பில் இதுவரைக்கும்தான் எழுதியிருக்கிறேன். மற்றதற்கு அந்தப் பக்கம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அலுவலகம் ஒரு பாத்திர மொத்தக்கடைக்கு மேலே இருக்கிறது. முதல் மாடியில் ஆஸ்பத்திரி பில்லிங் வேலை. இரண்டாவது மாடியில் நாங்கள். நாங்கள் செய்கிற வேலையைச் சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். ஜெர்மனியில் வூர்ட்டம்பெர்க் என்று ஒரு நாடு இருந்தது. முதலில் அதன் ராஜா போனார், பிறகு அந்த நாடும் போய்விட்டது. இன்றைக்கு அது பக்கத்துப் பகுதிகளோடு சேர்ந்து ஒரு மாநிலமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கிருந்து பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர்களின் பதிவேடுகளைப் படம் பிடித்து எங்களுக்கு அனுப்புகிறார்கள். பெயர், ஊர், தொழில், ஊரைவிட்டுப் போன வருஷம் இவற்றை நாங்கள் படித்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். எங்கெங்கோ இருக்கிற பேரன் பேத்திகள் அதில் தங்கள் பூர்வீக ஊரைத் தேடிக்கொள்வார்கள். எங்களில் ஒருவரும் ஜெர்மனியைப் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சாய்ந்த கையெழுத்தை ரேஷன் கார்டைப் படிப்பதுபோலப் படிப்போம்.

நான் சரிபார்ப்பவள். மற்றவர்கள் ஏற்றுவதை மூலத்தோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் 'ஊர்கள் சரியாக உள்ளன' என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. அந்தக் கையெழுத்து இல்லாமல் கட்டு வெளியே போகாது.

பிரச்சினை என்னவென்று புரிய வேண்டுமானால் அந்த நாட்டை எப்படிப் பிரித்திருந்தார்கள் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கஷ்டமான விஷயம் இல்லை. நாடு நான்கு பெரிய துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் 'கிரைஸ்' என்று பெயர். கிரைஸ் என்றால் வட்டம். அதற்குள்ளே பல சின்னத் துண்டுகள். அவற்றுக்கு 'ஓபராம்ட்' என்று பெயர். அகராதியைப் பார்த்தால் மேல் அலுவலகம் என்று போட்டிருக்கும். நம் கணக்கில் சொன்னால் கிரைஸ் ஒரு மாவட்டம், ஓபராம்ட் ஒரு தாலுகா. 1924-இல் பெரிய கிரைஸ்களை ஒழித்துவிட்டார்கள். பத்து வருஷம் கழித்து ஓபராம்ட்களுக்குக் கிரைஸ் என்று பெயர் மாற்றினார்கள். அப்புறம் அவற்றிலும் பலவற்றை ஒன்றோடு ஒன்று சேர்த்தார்கள். எழுபதுகளில் மறுபடியும் சேர்த்தார்கள். ஆக, ஒரு காலத்தில் மாவட்டத்துக்கு இருந்த பெயர் பின்னால் தாலுகாவுக்கு வந்துவிட்டது. பழைய பதிவேட்டில் கிரைஸ் என்று இருந்தால் ஒன்று, இன்றைய வரைபடத்தில் கிரைஸ் என்று இருந்தால் வேறொன்று.

எங்கள் மாடியில் யாரும் கிரைஸ் என்றோ ஓபராம்ட் என்றோ சொல்வதில்லை. ஆரம்பத்திலிருந்தே கிரைஸுக்கு வட்டம், ஓபராம்ட்டுக்கு மேலாபீசு. வாயில் நுழைகிற பெயர்கள். பழைய படிவத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் இருந்தவரைக்கும் இதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

அந்த வாரம் வெளிநாட்டிலிருந்து புது உத்தரவு வந்தது. பழைய பிரிவுகள் இனி வேண்டாம். ஊரின் பெயரையும், ஊருக்கு மேலே உள்ள சிறிய பிரிவையும் மட்டும் கொடுத்தால் போதும். அவர்கள் அனுப்பியிருக்கிற ஒரு புரோகிராம் அதை இன்றைய மாவட்டமாக மாற்றிப் போட்டுவிடும். பழையது அழிந்துவிடும்.

செவ்வாய்க்கிழமை காலையில் நான் முதலில் திறந்தது என் பக்கத்து சீட்டுக்காரி ஏற்றிய கட்டு. டி. கல்லுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள். விரல் வேகம் அதிகம், வாய் அதைவிட வேகம். அவள் கட்டில் ஆல்ட்டோர்ஃப் என்ற ஊர் பல இடங்களில் வந்தது. ஆல்ட்டோர்ஃப் என்றால் பழைய ஊர் என்றுதான் அர்த்தம். அப்படி ஒரு பெயர் எத்தனை ஊருக்கு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வூர்ட்டம்பெர்க்கில் எனக்குத் தெரிந்தே மூன்று. நூர்ட்டிங்கன் மேலாபீசில் ஒன்று, போப்லிங்கன் மேலாபீசில் ஒன்று, ராவன்ஸ்பூர்க் மேலாபீசில் ஒன்று. மூன்றும் மூன்று வேறு வட்டத்தில்.

புரோகிராம் செய்திருந்ததைப் பார்த்ததும் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தேன். நூர்ட்டிங்கன் பக்கத்து ஆல்ட்டோர்ஃபை எங்கோ தெற்கே மலைக்காட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. போப்லிங்கன் ஆல்ட்டோர்ஃபை நாட்டின் எல்லையையே தாண்டித் தூக்கிப் போட்டிருந்தது.

"நீ எதை இதுக்குக் கொடுத்த?" என்று அவளைக் கேட்டேன்.

"சின்னப் பிரிவை மட்டும் குடுக்கச் சொன்னாகள்ல? வட்டத்தைக் குடுத்தேன்."

"வட்டம் சின்னதா?"

"என்னக்கா இப்பிடிக் கேக்குறீக? மாவட்டம் பெருசு, வட்டம் சின்னது. மேலாபீசுன்னு பேரே சொல்லுது, அது மேல இருக்குறதுன்னு. சின்னதுக்குப் போயி மேலாபீசையா போடுவாக?"

அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் தமிழில் தப்பு என்று சொல்ல முடியாது. இந்தத் தப்பை மதுரையில் உட்கார்ந்திருக்கிறவர்களால் மட்டும்தான் செய்ய முடியும். பதிவேட்டில் நூர்ட்டிங்கன் ஆல்ட்டோர்ஃபுக்குக் கறுப்புக்காட்டு வட்டம், போப்லிங்கன் ஆல்ட்டோர்ஃபுக்கு நெக்கார் வட்டம் என்று இருந்ததை அவள் கொடுத்திருக்கிறாள். இன்றைய வரைபடத்தில் கறுப்புக்காடு என்று தொடங்குகிற வேறொரு வட்டம் இருக்கிறது. நெக்கார் என்று தொடங்குகிற ஒன்றும் இருக்கிறது. புரோகிராம் பெயர் கொஞ்சம் ஒத்துப்போனால் போதும் என்று அங்கே தள்ளிவிட்டது. அதற்குத் தமிழ் தெரியாது. இருந்தும் எங்களைப் போலவே வட்டத்தில் ஏமாந்தது.

"சரி, விடு. மேலாபீசைக் கொடுத்துப் பாப்போம்" என்றேன்.

கொடுத்தோம். இந்தத் தடவை இன்னும் மோசம். நூர்ட்டிங்கன் என்ற பெயரில் இன்றைக்கு ஒரு மாவட்டமும் இல்லை. அதைச் சேர்த்து எஸ்லிங்கன் ஆக்கிவிட்டார்கள். ராவன்ஸ்பூர்க் பக்கத்து ஆல்ட்டோர்ஃப் ஊரே பெயர் மாறி வைன்கார்ட்டன் ஆகிவிட்டது. தேடியது கிடைக்காதபோது புரோகிராம் ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் கண்ணில் பட்ட ஆல்ட்டோர்ஃபை எடுத்தது. அது போப்லிங்கன். மூன்று ஊர்க்காரர்களும் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். காலுறை நெய்தவன், தச்சன், ஒரு விதவையும் அவள் பிள்ளைகளும், எல்லாரும் போப்லிங்கன்.

"ஏக்கா, இது எப்பிடித் தெரியுமா இருக்கு?" என்றாள் அவள். "எங்கூருக்கு முன்னாடி இருக்குற டி-ய எடுத்துட்டாப்ல இருக்கு. கல்லுப்பட்டின்னா எந்தக் கல்லுப்பட்டி? எம். கல்லுப்பட்டிக்குக் கட்டிக்குடுத்த பொண்ண டி. கல்லுப்பட்டில வந்து தேடவா?"

அவள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். எனக்கு அதற்கப்புறம் வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்து ஊர்களுக்கு மனிதர்களைப் போல இனிஷியல் உண்டு. மேலாபீசு அந்த ஊர்களுக்கு இனிஷியல். அதை எடுத்துவிட்டு 'ஊர்கள் சரியாக உள்ளன' என்று நான் கையெழுத்துப் போட முடியாது.

மேனேஜரிடம் போனேன். முதலாளியின் மகன்தான் மேனேஜர். என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். சௌராஷ்டிரக் குடும்பம். அவர் அப்பா போன் செய்தால் அவர்கள் பாஷையில் பேசுவார், வைத்ததும் தமிழுக்கு வந்துவிடுவார். வேலை தெரிந்தவர், கெட்டிக்காரர். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அக்கா, நீங்க சொல்றது எனக்கும் புரியுது. ஆனா தேடுறவன் மேப்ப வச்சுக்கிட்டுத்தான தேடுவான்? மேப்புல நூர்ட்டிங்கன் தாலுகா இல்லயே."

"மேப்புல இல்ல. அவன் பூட்டன் கிளம்புன அன்னைக்கு இருந்துச்சு."

"இம்புட்டுப் பேர்ல ஒரு ஆல்ட்டோர்ஃப யாருக்கா பாக்கப்போறா?"

"அந்த ஆல்ட்டோர்ஃபுக்காரன் பேரன் பாப்பான். அவன் பாக்குறதுக்குத்தான நம்ம ஏத்துறோம்?"

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரல் மாறியது. "இந்தக் கட்டு இன்னைக்குப் போகணும். போகலேன்னா கிளையன்ட் புராஜெக்ட வேற ஊருக்குக் குடுத்துருவான். மாடில இருக்குற அம்புட்டுப் பேருக்கும் நீங்க வேல வாங்கிக் குடுப்பீகளா? கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா நாளைலேருந்து கீழ பில்லிங்ல உக்காருங்க, வேற ஆளு போட்டுக்கிறேன்."

அவர் சொன்னதும் பொய்யில்லை. வெளியே என் பக்கத்து சீட்டுக்காரி டைப் செய்கிற சத்தம் கேட்டது. அவள் வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் பேனாவை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கக் கூடாது" என்றேன். ஆபீசில் நான் அவரைச் சார் என்றுதான் சொல்வேன். தம்பி என்றால் விஷயம் பெரிது என்று அவருக்கே தெரியும். "சுதந்திரத்துக்குப் பெறகு சௌராஷ்டிரான்னு ஒரு ஸ்டேட்டு இருந்துச்சு. அப்புறம் பம்பாயோட சேத்தாக, அப்புறம் குஜராத் ஆயிருச்சு. இப்ப மேப்புல சௌராஷ்டிரா ஸ்டேட்டு இல்ல. அப்ப உங்க குடும்பத்தை நான் குஜராத்துக்காரகன்னு போட்டுறவா?"

"அதெப்பிடிப் போடுவீக?" சட்டென்று வந்தது பதில். "நாங்க கிளம்பி வந்தப்ப குஜராத்துன்னு ஸ்டேட்டே கெடையாது. எங்க பெரியவுக எந்த ஊருலேருந்து வந்தாகளோ, அது அப்ப..."



"அதத்தான் தம்பி நானும் காலைலேருந்து சொல்றேன்" என்றேன்.

நான் கையெழுத்துப் போட வேண்டிய சான்றிதழ்த் தாள் மேசையில் கிடந்தது, அதை அவர் என் பக்கம் கொஞ்சம் தள்ளினார். பிறகு தன் பக்கமே இழுத்துக்கொண்டார். சிரிப்பு வந்ததுபோல இருந்தது, ஆனால் சிரிக்கவில்லை.

"வாயக் குடுத்து மாட்டிக்கிட்டேன். அதுக்காகக் கிளையன்ட் மாற மாட்டான்கா. நாளைக்குக் காலைல வரைக்கும் டைம் கேட்டுப் பாக்குறேன். காலைல நான் வரும்போது இந்தத் தாள்ல உங்க கையெழுத்து இருக்கணும். இல்லைன்னா கீழதான்."

"கையெழுத்து இருக்காது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

என் சீட்டில் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரி கேட்டாள், "என்னக்கா, வேல போச்சா?"

"இன்னும் போகல."

"போனா நான் என்ன செய்ய? உங்க சீட்டுல என்னய உக்காரச் சொன்னா?"

"உக்காரு. உக்காந்து சரியாப் பாரு."

"நல்லாச் சொன்னீக, போங்க" என்று திரும்பிக்கொண்டாள்.  

பஸ்ஸில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. எனக்குப் பயம் இல்லை என்று எழுதினால் அது சரியாக இருக்காது. ஆஸ்பத்திரி பில்லிங் கேவலமான வேலை இல்லை. சம்பளமும் பெரிதாகக் குறையாது. ஆனால் நான் பிறந்தது ஆண்டிபட்டிப் பக்கம். நான் பிறந்தபோது அது மதுரை மாவட்டம். அப்புறம்தான் தேனி மாவட்டம் வந்தது. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட்டபோது கவுண்டரில் இருந்தவர், பிறந்த மாவட்டம் என்ற இடத்தில் தேனி என்று மாற்றச் சொன்னார். மாற்றினால் உடனே கிடைத்துவிடும் என்றார். நான் மாற்றவில்லை. நான் பிறந்தபோது தேனி மாவட்டம் பிறக்கவே இல்லை, என்னைவிட அதற்கு வயது குறைவு என்று சொன்னேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவர் என் பிறப்புச் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் மேலதிகாரியைக் கேட்டு வந்தார். பாஸ்போர்ட் தாமதமாக வந்தது, ஆனால் மதுரை என்றே வந்தது. மாவட்டத்தை யார் வேண்டுமானாலும் பிரிக்கட்டும், சேர்க்கட்டும், பெயர் மாற்றட்டும். அது அரசாங்கத்தின் உரிமை. நாளையிலிருந்து புதிய பெயரை எழுதச் சொன்னால் எழுதுவேன். நேற்று நடந்ததற்கும் புதிய பெயரைப் போடு என்று சொல்ல எந்த அரசாங்கத்துக்கும் உரிமை கிடையாது. ஒரு புரோகிராமுக்குச் சுத்தமாகக் கிடையாது.

வீட்டில் சொன்னேன். வீட்டுக்காரர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"அந்த ஆல்ட்டோர்ஃபுக்காரன் உனக்கு ஒண்ணுவிட்ட அண்ணனா?"

"ஆமா. உங்களுக்கு மச்சான்."

"அப்பச் சரி. மச்சான் ஊர மாத்திப் போட விடக் கூடாதுல்ல?" தண்ணீர் குடித்தார். "கீழ மாடின்னா ஒரு மாடி கொறைச்சு ஏறலாம். முழங்காலுக்கு நல்லது."

"நான் மேலதான் போறேன்."

"போ. நான் வேண்டாம்னா கேக்கப்போறியாக்கும்?" என்று ரசத்தைக் கேட்டார்.

நாட்குறிப்பை எழுத உட்கார்ந்தேன். தண்ணீர், இட்லி, சாவி, பஸ் வரைக்கும் எழுதிவிட்டு மூடினேன்.

மார்ச் 5, புதன்கிழமை. தண்ணீர் இல்லாத நாள் என்பதால் சீக்கிரமே கிளம்ப முடிந்தது. பாத்திரக்கடையில் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். முதல் மாடியில் நிற்காமல் மேலே போனேன். என் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், மாற்றவில்லை. முதல் வேலையாக அந்தக் கட்டைத் திறந்து, புரோகிராமை நிறுத்தி, அது போட்டிருந்த போப்லிங்கன்களை எடுத்துவிட்டேன். மூன்று ஆல்ட்டோர்ஃபுக்கும் பதிவேட்டில் இருக்கிற மேலாபீசைப் பழைய படிவத்தில் என் கையாலேயே ஏற்றினேன். இன்றைய மாவட்டத்தைப் பக்கத்தில் குறிப்பு என்று போட்டேன். பிறகு மேனேஜர் மேசையில் இருந்த சான்றிதழ்த் தாளை எடுத்து, 'ஊர்கள் சரியாக உள்ளன' என்பதற்குப் பக்கத்தில் 'பழைய படிவத்தில் மட்டும்' என்று எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.